ஸ்பானிஷ் மாஸ்: புல்லுருவியும் இல்லை, பணம் காய்ச்சி மரமும் இல்லை

நர்சரி வாசலில் நரைத்த தாடி மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்குமே, அந்தச் செடிக்கு ஸ்பானிஷ் மாஸ் என்று பெயர். சில வருடங்களாக நம் பக்கத்து வீடுகளின் முன்வாசலிலும் கல்யாண மண்டப அலங்காரத்திலும் இதைப் பார்க்க முடிகிறது. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், கயிற்றில் தொங்கவிட்டால் போதும் என்றதும் பலருக்கு ஆச்சரியம்.

தென்காசிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பிச்சிப்பூவும் காய்கறியும் போடும் குடும்பம் எங்களுடையது. 2021-லிருந்து வீட்டுக்குப் பின்னால் இதையும் வளர்த்து வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "இது மரத்தைக் கொன்னுடாதா?" என்பது ஒன்று. "இதுல எவ்வளவு கிடைக்கும்?" என்பது மற்றொன்று. இந்த இதழின் கேள்வி பதில் பகுதியைப் படிக்கிறவர்களுக்கும் இந்த இரண்டு சந்தேகமும் இருக்கும் என்பதால், என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் குழப்பம்

இதை வாங்கி வந்தபோது என் அத்தை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்பாசிதானே இது? குருமாவுல போடலாமா?" என்று கேட்டார். அத்தை கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. நாம் மசாலாவில் போடும் கல்பாசி ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதே வகையில், மலைக்காட்டு மரக்கிளைகளில் தாடி போலத் தொங்கும் அஸ்னியா என்ற ஒன்றும் உண்டு. இந்தச் செடிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே டில்லான்சியா அஸ்னியாய்டிஸ். 'அஸ்னியாவைப் போன்றது' என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் இது கல்பாசியும் இல்லை, பாசியும் இல்லை. பூத்து விதை விடும் செடி. அன்னாசிப்பழம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். ஸ்பெயின் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா வரை. லூசியானா, புளோரிடா பக்கம் ஓக் மரங்களிலும் சதுப்பு நிலத்து சைப்ரஸ் மரங்களிலும் ஆறு மீட்டர் நீளம் வரைக்கும் தொங்கும். சின்னதாகப் பச்சை மஞ்சளில் பூக்கும். பூ கண்ணில் படுவது கஷ்டம். ராத்திரியில் லேசாக மணம் வரும், அதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி

எங்கள் வரப்பை ஒட்டி ஒரு மாமரம் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஒருவரின் எலுமிச்சைத் தோட்டம். முதல் வருடம் அந்த மாமரத்துத் தாழ்ந்த கிளைகளில் நாலைந்து கொத்து தொங்கவிட்டிருந்தேன். ஒரு நாள் வரப்பில் நின்றபடியே அண்ணாச்சி கேட்டார். "ஏம்மா, ஊர்ல இருக்குற புல்லுருவியை வெட்டவே ஆள் கிடைக்கலை. நீ காசு கொடுத்து வாங்கிட்டு வந்து கட்டித் தொங்க விடுறியே, என் எலுமிச்சைக்கு ஏறிச்சுன்னா யாரு பொறுப்பு?"

அவர் பயம் நியாயமானது. ஏற்கெனவே புல்லுருவி ஏறி அவருடைய பழைய மாமரம் ஒன்று பாதி காய்ந்துபோனது. ஒரு போகம் விழுந்தால் வட்டி கட்ட முடியாத நிலையில் இருப்பவரிடம், 'இது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி' என்று வாயால் சொன்னால் போதாது. அதனால் அவர் மரத்துக்கே போனோம். புல்லுருவி இருந்த கிளை ஒன்றை அவரே அரிவாளால் வெட்டினார். புல்லுருவி ஒட்டியிருந்த இடத்தில் கிளை முண்டு கட்டி வீங்கியிருந்தது. அந்த முண்டைப் பிளந்து பார்த்தால் புல்லுருவியின் உறிஞ்சு வேர் மரத்தின் கட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பறவை தின்று போடும் பிசுபிசுப்பான விதை கிளையில் ஒட்டி முளைத்து, மரம் வேரிலிருந்து கொண்டுவரும் தண்ணீரையும் சத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இலையை மட்டும் கிள்ளிப் போட்டால் மறுபடி துளிர்க்கும். முண்டுக்குக் கீழே கிளையோடு வெட்ட வேண்டும்.

அடுத்து எங்கள் மரத்துக்கு வந்தோம். ஸ்பானிஷ் மாஸ் கொத்தை இழுத்தால் கையோடு வந்துவிட்டது. பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. வளர்ந்த செடிக்கு வேரே கிடையாது என்பதால், பிடித்துக்கொள்ளச் சுருண்டு மாட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. கொல்லையில் நைலான் கயிற்றில் தொங்கிய கொத்தையும் காட்டினேன். "நைலான் கயித்துல என்ன சத்து இருக்கு அண்ணாச்சி, உறிஞ்சுறதுக்கு?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ இது எதைத் தின்னு வாழுது?" என்று கேட்டார்.

காற்றிலும் மழையிலும் வருவதைத்தான். இதன் இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் செதில்கள் மூடியிருக்கின்றன. மழைத்தண்ணீரையும் அதோடு வரும் தூசியில் கரைந்த சத்தையும் அந்தச் செதில்களே பிடித்து உள்ளே அனுப்புகின்றன. காய்ந்திருக்கும்போது செதில்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் சாம்பல் நிறம். நனைந்ததும் அதே செதில்கள் கண்ணாடி போல ஆகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும்.

இத்தனையும் காட்டிய பிறகும் அண்ணாச்சி ஒரு கேள்வி வைத்திருந்தார். "சத்தை உறிஞ்சாது, சரி. காடா வளர்ந்து மூடினா வெயில் மறைக்குமா, மறைக்காதா?" மறைக்கும். ரொம்ப அடர்ந்துபோனால் நிழலும் பாரமும் உண்டாகும், சின்ன மரத்துக்கு அது தொந்தரவுதான். எனவே வரப்பு மாமரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் கம்பு நட்டுக் கயிறு கட்டி அதில் மாற்றிவிட்டேன்.

எலுமிச்சைக்கு அடித்த மருந்து

அதோடு முடியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் எலுமிச்சையில் சொறி நோய் வந்து, அண்ணாச்சி காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடித்தார். காற்று எங்கள் பக்கம். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பக்கத்து வரிசையில் தொங்கிய நான்கு கொத்தும் பழுத்து, கறுத்து, குதிரை மயிர் போல ஆகிவிட்டன.

செம்பு இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு விஷம். மயில் துத்தம், போர்டோ கலவை, காப்பர் ஆக்ஸிகுளோரைடு எதுவானாலும் சரி. அமெரிக்காவில் இதன் தம்பி மாதிரியான இன்னொரு டில்லான்சியாவை மரத்திலிருந்து ஒழிக்கவே செம்பு மருந்துதான் அடிக்கிறார்கள். மற்ற செடிக்கு மருந்தாக இருப்பது இதற்கு மட்டும் ஏன் ஆகாது என்றால், மேலே சொன்ன செதில்தான் காரணம். எது பட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து எது, சத்து எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கட்டுவதற்குக்கூட மோட்டார் ரீவைண்டிங் செம்புக் கம்பியை எடுக்காதீர்கள். நைலான் கயிறு போதும்.

அவருக்கு எலுமிச்சைதான் சோறு. மருந்தடிக்காதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அடிக்கிற முதல் நாள் ராத்திரி ஒரு குரல் கொடுங்கள் என்றேன். அன்றிலிருந்து வரப்பில் நின்று, "ஏம்மா, நாளைக்கு மருந்து, உன் தாடியை உள்ளே எடு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். கம்போடு தூக்கி மாட்டுக்கொட்டகைக்குள் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு மருந்தால் ஒரு கொத்துகூடப் போகவில்லை.

வளர்க்கிற முறை

இதற்கு வேண்டியது வெளிச்சம், காற்றோட்டம், நல்ல தண்ணீர். இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் என்றால் உச்சிவெயில் இல்லை. மர நிழலில் சல்லடை போல விழும் வெயில், கிழக்குப் பார்த்த திண்ணை, 50 சதவீத நிழல்வலைக்கு அடி, இவை சரி. இருட்டு ஹாலில் அழகுக்குத் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும், மேலுக்குத் தெரியாது. வீட்டுக்குள் வைக்க ஆசைப்பட்டால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

காற்றோட்டம் இல்லாமல் கெட்டியான கொத்தாகக் கட்டினால் நடுவில் அழுகும். நான் 15 இழைக்கு மேல் ஒரு கொத்தில் வைப்பதில்லை. கொத்துக்கும் கொத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். நனைத்தால் நாலு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு.

தண்ணீரில்தான் நம் ஊரில் பலர் தோற்கிறார்கள். வாளியில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீரை நாள்தோறும் தெளித்தால், உப்பு செதிலில் படிந்து அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர்தான் இதற்கு அமுதம். கூரைத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். குற்றாலச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வீசும் ஜூன், ஜூலையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையே இல்லை. பங்குனி, சித்திரையில் மட்டும் வாரம் இரண்டு தடவை கொத்தை டிரம் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் முக்கி, உதறித் தொங்கவிடுகிறேன். மற்ற நாளில் காலையில் கைத்தெளிப்பானால் ஒரு நனைப்பு.

காலையில் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் ஈரம் போய்விடக் கூடாது என்பதற்காக இந்தச் செடி இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கும். அன்னாசியும் அப்படித்தான். ராத்திரியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல் மூச்சு முட்டும். சாயங்காலம் பூச்செடிக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஊற்றுகிற பழக்கம் வேண்டாம்.

உரம் கட்டாயம் இல்லை. கொடுக்க நினைத்தால் தண்ணீரில் கரையும் உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும், மாதம் ஒரு தடவை தெளிக்கலாம்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: நனைத்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நனைத்தும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்த இழை போய்விட்டது, வெட்டி எடுத்துவிடலாம். இனப்பெருக்கத்துக்கு விதை தேவையில்லை. ஒரு சாண் இழையைக் கிள்ளித் தொங்கவிட்டால் அது தனிச் செடி.

'காற்றைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் காற்றில் இருக்கும் தூசியையும் உலோகத்தையும் இது வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஓர் ஊரின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக் காற்றைச் சுத்தமாக்க நாலு கொத்து போதும் என்று நினைத்து வாங்காதீர்கள். ரோட்டோர வீடு என்றால் அதன்மேல் படியும் புழுதியை மழைத்தண்ணீரில் அடிக்கடி அலச வேண்டியிருக்கும்.

மைனியின் சங்கிலி

போன வருடம் என் மைனி ஒரு செய்தியோடு வந்தார். அவர் ஊருக்கு ஒருவர் வந்து, ஸ்பானிஷ் மாஸ் தாய்க்கொத்து தருவதாகவும், ஐந்து சென்ட்டில் நிழல்வலை போட்டால் வளர்ந்ததைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். மைனி கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராக இருந்தார். "நீதான் வளர்க்கியே, நல்லா வருதுன்னு சொன்னியே" என்றார்.

நான் நோட்டை எடுத்து வைத்தேன். 2021-ல் பெரிய கொத்து 250 ரூபாய் என்று ஐந்து கொத்து, 1,250 ரூபாய். நிழல்வலையும் கம்பும் 1,600. கயிறும் டிரம்மும் 600. மொத்தம் 3,450. ஒரு கொத்து இரண்டு மடங்காக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. விற்கத் தொடங்கியதே 2024-ல்தான். அந்த வருடம் 120 ரூபாய் விலையில் 34 சின்னக் கொத்து விற்றேன், 4,080 ரூபாய். செலவு போக மூன்று வருடத்தில் கையில் நின்றது 630 ரூபாய். என் கூலியைச் சேர்க்கவில்லை. "பிச்சிப்பூ இந்தக் காசை எத்தனை நாள்ல கொடுக்கும் மைனி, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அடுத்த கணக்கு அதைவிட முக்கியம். கத்தரிக்காய் வாங்குகிறவர் அடுத்த வாரமும் வாங்குவார். இதை வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார். அது அவர் வீட்டிலேயே வளரும், அவர் தங்கச்சிக்கு ஒரு பிடி கிள்ளிக் கொடுப்பார். என்னிடம் வாங்கியவர்களில் இரண்டு பேர் இப்போது தாங்களே விற்கிறார்கள். நன்றாக வளரும் செடி என்பதே இதன் சந்தையைச் சுருக்குகிறது. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவர் அதை யாரிடம் விற்பார் என்று கேளுங்கள். அடுத்த ஊரில் தாய்க்கொத்தாகத்தான் விற்க முடியும். ஈமு கோழி நேரத்தில் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பம் என்ன ஆனது என்பதை நான் மைனிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய சித்தப்பா வீட்டிலேயே நடந்தது.

இந்தச் செடிக்கு நிஜமான தொழில் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. லூசியானாவிலும் புளோரிடாவிலும் நீளக் கம்பால் மரத்திலிருந்து இழுத்து, குவித்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். நாம் தேங்காய் மட்டையை ஊறப்போடுகிற மாதிரிதான். மேல்தோல் அழுகிப்போனதும் உள்ளே கறுப்பு நார் நிற்கும். அதை ஆலையில் சுத்தம் செய்து மெத்தைக்கும் நாற்காலிக்கும் கார் இருக்கைக்கும் அடைத்தார்கள். மண்ணோடு பிசைந்து வீட்டுச் சுவரும் வைத்தார்கள், நம் வைக்கோல் கலந்த மண்சுவர் போல. ரப்பர் நுரையும் செயற்கை நாரும் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. காடு காடாகச் சும்மா கிடைத்த ஊரிலேயே நிற்காத தொழிலை, ஐந்து சென்ட் நிழல்வலையில் நகையை வைத்து நிறுத்த முடியாது.

மைனிக்கு முழு சமாதானம் இல்லை. "எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்லுதே" என்றார். கொல்லையிலிருந்து பெரிய கொத்தாக நாலு எடுத்துச் சும்மா கொடுத்தேன். "ஒரு வருஷம் வளர்த்து, பத்துக் கொத்து வித்துக் காட்டுங்க. அப்புறம் சங்கிலியைப் பத்திப் பேசுவோம்" என்றேன். சங்கிலி இன்றைக்கும் அவர் கழுத்தில் இருக்கிறது. கொத்து நாலும் நன்றாக இருக்கின்றன. இதுவரை விற்றது மூன்று.

காட்டோரம் இருப்பவர்களுக்கு

எங்களைப் போல மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்திலும், கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஈரக்காற்று ஊர்களிலும் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கொண்டுபோன இந்தச் செடி அங்கேயே காட்டில் நிலைத்துவிட்டது. அதன் சொந்த நாட்டில் பறவைகள் இழையை எடுத்துப் போய்க் கூடு கட்டுகின்றன. எங்கள் வீட்டுக் குருவியும் அணிலும் அதையே செய்கின்றன. உண்ணிச்செடி நம் மலையை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காட்டு மரத்தில் அழகுக்குத் தொங்கவிடாதீர்கள். கழித்த இழைகளை ஓடையில் போடாதீர்கள். நான் வெயிலில் முறுகக் காயவைத்து அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள் 15 இழையோடு ஒரு கொத்து மட்டும் வாங்குங்கள். கடையிலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பச்சை தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பசை போட்டு ஒட்டியதையும் சாயம் போட்டதையும் விட்டுவிடுங்கள். கிழக்குத் திண்ணையில் தொங்கவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் யார் எப்போது செம்பு மருந்து அடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையைத் தாண்டிவிட்டால், அடுத்த மழைக்கு அந்த ஒரு கொத்திலிருந்தே அக்கம்பக்கத்துக்குக் கிள்ளிக் கொடுக்கலாம்.